பெற்றதைக் கொடுப்பது: யூனியன்வில்லை முன்வைத்து ஒரு விசாரணை

1. கேள்வி

ரொறன்ரோவுக்கு வடக்கே, மார்க்கம் நகரின் ஒரு பகுதியான யூனியன்வில்லிலும் அதைச் சுற்றியுள்ள தமிழர் குடியிருப்புகளிலும் ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழும்: "இது கடவுள் தந்த வரம், நாலு பேருக்குப் பயன்பட வேணும்." கோயில் மேடையில் தேவாரம் பாடிய பிள்ளையைப் பாராட்டும்போது சொல்வார்கள். ஒக்டோபர் மாத நன்றியறிதல் ஆராதனையில் போதகர் சொல்வார். நடன அரங்கேற்றத்தில் பிரதம விருந்தினரும் கட்டாயம் சொல்வார். மறுத்துப் பேச யாருக்கும் தோன்றாத வாக்கியம் இது. அதனாலேயே ஒருமுறை நிறுத்தி விசாரிக்கத் தகுந்தது.

அதற்குள் மூன்று கூற்றுகள் ஒன்றாக முடிச்சிடப்பட்டிருக்கின்றன. திறமை நாம் சம்பாதித்தது அன்று, பெற்றது என்பது முதலாவது. பெற்றதற்கு நன்றி காட்ட வேண்டும் என்பது இரண்டாவது. அந்த நன்றி, தந்தவரிடம் திரும்பிப் போகாமல் வேறு ஆட்களிடம் போக வேண்டும் என்பது மூன்றாவது. முதல் இரண்டையும் ஏற்பதில் சிரமமில்லை. மூன்றாவதுதான் வினோதமானது. ஒருவரிடம் வாங்கிய கடனை இன்னொருவரிடம் கட்டினால் எந்த வங்கியும் கணக்கை முடிக்காது. நன்றி மட்டும் ஏன் இப்படிப் பக்கவாட்டில் நகர வேண்டும்? அப்படி நகரும்போது இடையில் யார் விடுபட்டுப் போகிறார்கள்? இக்கட்டுரை இவ்விரு கேள்விகளையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. இரண்டாவதற்கு விடை தேடாமல் முதலாவதைப் பேசுவதுதான் நம் மேடைகளின் வழக்கமாக இருக்கிறது.

2. மெயின் ஸ்ட்ரீட்டில் ஓர் ஓவியர்

யூனியன்வில்லின் மெயின் ஸ்ட்ரீட் இன்று ஐஸ்கிரீம் கடைகளுக்கும் கல்யாணப் புகைப்படங்களுக்கும் பேர்போனது. அதே தெருவில், கார்ல்டன் சாலை சந்திக்கும் இடத்தில் வார்லி ஓவியக்கூடம் இருக்கிறது. சற்றுத் தள்ளி, பத்தொன்பதாம் நூற்றாண்டு வீடொன்றில் மக்கே கலை மையம் இயங்குகிறது. இவ்விரு கட்டிடங்களுக்கும் பின்னால் நம் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு வரலாறு இருக்கிறது.

ஃபிரெடெரிக் வார்லி 1881இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் பிறந்து 1912இல் கனடாவுக்கு வந்தவர். முதல் உலகப் போரின்போது போர்க்கள ஓவியராகப் பணியாற்றினார். 1920இல் கனடிய ஓவியத்தின் போக்கையே மாற்றிய 'எழுவர் குழு' உருவானபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் ஒருவராக இருந்தார். அவர் 1921இல் வரைந்த ஜோர்ஜியன் குடாவின் புயல்காட்சி இன்று ஒட்டாவா தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. நிறங்களுக்கு ஆன்மிகப் பொருள் உண்டென்று நம்பியவர் அவர். ஓவியம் தமக்கு மேலான ஒன்றிலிருந்து தம் வழியாக வருவது என்ற உணர்வு அவரிடம் இருந்தது. 'கடவுள் தந்த வரம்' என்ற தொடர் யாருக்காவது பொருந்துமென்றால் இவருக்குப் பொருந்தும்.

அந்த வரத்துக்கு யார் செலவு கொடுத்தார்கள் என்று பார்த்தால் படம் மாறுகிறது. மனைவி மோட் நான்கு பிள்ளைகளோடு பல ஆண்டுகள் வறுமையில் உழன்றார். 1926இல் வன்கூவர் கலைப் பள்ளியில் கற்பிக்கப் போன வார்லி, அங்கே நல்ல ஆசிரியர் என்று பேரெடுத்தார், குடும்பமோ சிதறிப்போனது. பிற்காலத்தில் குடியும் கடனும் அவரை ஊர் ஊராக அலைக்கழித்தன. முதுமையில் அவருக்குக் கதவு திறந்தவர் கேத்லீன் கோர்ம்லி மக்கே. 1950களின் பிற்பகுதியில் மக்கே தம்பதியரோடு யூனியன்வில்லுக்கு வந்த வார்லி, 1969இல் இறக்கும்வரை அந்த வீட்டையே தம் வீடாகக் கொண்டிருந்தார். பின்னாளில் கேத்லீன் மக்கே தம்மிடமிருந்த ஓவியங்களையும் நிதியையும் மார்க்கம் நகருக்கு அளித்தார். அதன் பயனாக 1997இல் ஓவியக்கூடம் திறக்கப்பட்டது.

வார்லியின் திறமை மக்கேயின் வீட்டில் தங்கியது; மக்கேயின் கையிலிருந்து நகரத்துக்குப் போனது. வழிநெடுக நன்றியும் அன்பும் பெருமிதமும் கலந்தே நகர்ந்திருக்கும். எது எவ்வளவு என்று நிறுத்துப் பார்ப்பதில் பயனில்லை. மெயின் ஸ்ட்ரீட்டின் இரு கட்டிடங்களில் ஒன்று ஓவியரின் பெயரையும் மற்றது அடைக்கலம் தந்தவரின் பெயரையும் தாங்குகின்றன. மோட் வார்லியின் பெயரைத் தாங்கும் கட்டிடம் அங்கே இல்லை. வரத்தைப் பற்றிய பேச்சில் விடுபடுபவர் யார் என்ற நம் இரண்டாம் கேள்விக்கு இது ஒரு தொடக்க விடை.

3. மரபுகள் சொல்வதும் சொல்லாததும்

கிறிஸ்தவ விளக்கம் நன்கு அறியப்பட்டது. அவரவர் பெற்ற வரத்தைக் கொண்டு ஒருவருக்கொருவர் ஊழியம் செய்யுங்கள் என்ற கருத்து பேதுருவின் முதலாம் நிருபத்தில் வருகிறது. உன்னிடம் உள்ளவற்றில் நீ பெற்றுக்கொள்ளாதது எது என்று பவுல் கொரிந்தியரைக் கேட்பதும் இதன் அடியொற்றியதே. பிரசங்கங்களில் இவற்றை விட அதிகமாக எடுத்தாளப்படுவது மத்தேயுவின் 25ஆம் அதிகாரத்து தாலந்து உவமை. தமிழ்ச் சபைகளில் 'தாலந்து' என்றால் பாட்டு, பேச்சு, வாத்தியம் என்றே பழகிவிட்டோம். உவமையிலோ அது பெருந்தொகைப் பணம். ஒரு கூலியாள் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்தால்தான் சேரும் தொகை.

அந்த உவமையை நன்றியின் கதையாக வாசிப்பது வழக்கம் என்றாலும் நன்றி அதில் எங்கும் பேசப்படவில்லை. எஜமானன் கணக்குக் கேட்கிறான். பெருக்கியவர் பாராட்டுப் பெறுகிறார், புதைத்தவர் தண்டனை பெறுகிறார். கவனிக்க வேண்டியது புதைத்தவர் சொல்லும் காரணம். சோம்பலை அவர் சொல்லவில்லை, பயத்தைச் சொல்கிறார். தந்தவரைக் கடினமானவர் என்று எண்ணியவர் தந்ததை மண்ணுக்குள் வைத்தார். அப்படியானால் பகிர்வதற்கு முன்னிபந்தனை நன்றி என்பதைவிட, தந்தவரைக் குறித்த அச்சமின்மை என்பதே உவமைக்கு நெருக்கமான வாசிப்பு. பிள்ளைகளை "தாலந்தைப் புதைக்காதே" என்று அதட்டுகிற பெற்றோர் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று வாசிக்கலாம்.

சைவ மரபில் இதே பொருள் வேறு முகம் கொள்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தைத் தொழில்களின் நூலாகவும் படிக்கலாம். திருநீலகண்டர் குயவர், தில்லையில் அடியார்களுக்குத் திருவோடு வனைந்து கொடுத்தார். நேசர் நெசவாளர்; உடையும் கீளும் கோவணமும் நெய்து கொடுத்தார். காஞ்சியில் திருக்குறிப்புத்தொண்டர் அடியாரின் துணி வெளுத்தார். ஆனாயரிடம் குழலும் திருநீலகண்ட யாழ்ப்பாணரிடம் யாழும் இருந்தன. இவர்கள் தொழிலால் வந்த பணத்தை எடுத்துத் தானம் செய்ததாகச் சேக்கிழார் கதையை அமைக்கவில்லை, தொழிலையே கொடுத்தார்கள். கைத்திறனும் காணிக்கையும் ஒன்றாகிவிடுகின்றன. ஆனால் பெறுபவர் 'அடியார்' என்ற வட்டத்துக்குள் இருந்தார். இன்றும் ரொறன்ரோத் தமிழரின் கொடை பெரும்பாலும் ஒரு வட்டத்துக்குள் ஓடுவதைப் பார்க்கிறோம்: ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், சொந்தக் கோயில், சொந்தச் சபை. வட்டம் தப்பு என்று சொல்ல மாட்டேன். அது இருக்கிறது என்பதை ஒத்துக்கொண்டு பேச வேண்டும்.

வள்ளுவரிடம் போனால் ஒரு விசித்திரம் கண்ணில் படுகிறது. நன்றியைப் பேசும் செய்ந்நன்றியறிதல் 11ஆம் அதிகாரம். உள்ளதை ஊருக்குப் பயன்படுத்தும் ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரம். முதலாவதில் நன்றி முழுக்க முழுக்க உதவி செய்த மனிதரை நோக்கியது. இரண்டாவதில் கொடை உலகை நோக்கியது. அங்கே நன்றி என்ற காரணமே சொல்லப்படுவதில்லை. இரண்டையும் 'ஆகவே' போட்டு அவர் இணைக்கவில்லை. ஆனால் ஒப்புரவின் முதற்குறளில் மழை வருகிறது. மழைக்கு உலகம் கைம்மாறாக என்ன செய்துவிட முடியும் என்ற கேள்வி வருகிறது. அந்த மழைதான் நூலின் இரண்டாம் அதிகாரமான வான்சிறப்பில், கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக நிற்கிறது. திருப்பிக் கொடுக்க இயலாத கொடை என்ற எண்ணம் வள்ளுவரிடம் உண்டு. அவர் நம்மை மழையிடம் பெற்றவராக நிறுத்தாமல், மழையைப்போல் கொடுப்பவராக நிற்கச் சொல்கிறார். ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம் என்று அடுத்தடுத்து வரும் உவமைகளும் இதே நிலையில் நிற்பவையே. நம் மேடைப் பேச்சு இதையும் பேதுருவின் கருத்தையும் ஒன்றென்று கலந்துவிடுகிறது. இரண்டும் அருகருகே இருப்பவை, ஒன்றல்ல.

கனடாவின் நன்றியறிதல் நாளையும் இந்த வரிசையில் வைக்க வேண்டும். ஒக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை என்று 1957இல் நாடாளுமன்றம் நிர்ணயித்த இந்த நாள், விளைச்சலுக்காக இறைவனுக்கு நன்றி கூறும் நாளாகவே அறிவிக்கப்பட்டது. 1794இல் வில்லியம் பெர்ட்சியின் தலைமையில் மார்க்கத்துக்கு வந்த ஜெர்மானியக் குடும்பங்கள் காடு வெட்டி நிலம் திருத்தின. (பெர்ட்சியும் ஓர் ஓவியர் என்பது இந்த ஊரின் தலையெழுத்துப் போலும்.) அவர்களும் தம் நிலத்தைக் கடவுள் தந்ததாகவே கருதியிருப்பார்கள். ஆனால் இந்தப் பகுதி நிலங்களைப் பற்றிய உடன்படிக்கைகள் குளறுபடியாகவே கிடந்தன. 1923இன் வில்லியம்ஸ் உடன்படிக்கைகளும் அநீதியைத் தீர்க்கவில்லை. 2018இல்தான் கனடிய அரசும் ஒன்ராறியோ அரசும் ஏழு முதற்குடிகளுடன் 110 கோடி டொலருக்கு மேற்பட்ட தீர்வுக்கு வந்து மன்னிப்பும் கேட்டன. 'கடவுள் தந்தார்' என்ற சொல் இங்கே யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்ற கேள்வியை இருநூறு ஆண்டுக்கு மேல் மறைத்து வைத்திருந்தது.

4. சமூகவியலும் சோதனைக்கூடமும்

மதத்துக்கு வெளியே இரண்டு விளக்கங்கள் முக்கியமானவை. பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட கொடை பற்றிய கட்டுரையில், இலவசக் கொடை என்று ஒன்றில்லை என்று வாதிட்டார். கொடுப்பதும் பெறுவதும் திருப்பிக் கொடுப்பதும் கடமைகள். கொடை உறவைக் கட்டும் கயிறு. நம் மொய்ப்பணத்தை அறிந்தவருக்கு மோஸைப் புரியவைக்க வேண்டியதில்லை. இந்த வழியில் பார்த்தால் 'கடவுள் தந்தார்' என்பது கயிற்றின் ஒரு நுனியை வானத்தில் கட்டுவது. திருப்பிக் கொடுக்க வழியில்லாததால் கடமை பக்கத்திலிருப்பவர்மேல் இறங்குகிறது.

அமெரிக்கத் தத்துவவாதி ஜோன் ரோல்ஸ் 1971இல் எழுதிய நீதிக் கோட்பாட்டில் கடவுளைக் கொண்டுவராமலே இதற்கு அருகில் வந்தார். ஒருவர் எந்தத் திறமையோடு பிறக்கிறார் என்பது அவருடைய தகுதியால் விளைந்ததன்று. ஆகவே திறமைகளின் பங்கீட்டைச் சமூகத்தின் பொதுச் சொத்துப்போல் நடத்தலாம் என்றார். வரத்தின் இடத்தில் தற்செயலையும் நன்றியின் இடத்தில் நீதியையும் வைத்துப் பேசிய வாதம் இது. எனக்கு இதில் ஒரு குறை தெரிகிறது: தற்செயலுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. நீதி என்பதால் வரி கட்டுவோம். வாரயிறுதியில் பனியில் கார் ஓட்டிப் போய்ப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வயலின் சொல்லிக் கொடுப்போமா என்பது வேறு விஷயம்.

இங்கேதான் உளவியல் சோதனை ஒன்று உதவிக்கு வருகிறது. மொனிக்கா பார்ட்லெட்டும் டேவிட் டிஸ்டெனோவும் 2006இல் வெளியிட்ட ஆய்வு அது. பங்கேற்பாளர் சலிப்பூட்டும் கணினி வேலை ஒன்றை முடிக்கும் தறுவாயில் திரை அணைந்துவிடும். எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும் என்ற நிலையில், பக்கத்திலிருந்தவர் (ஆய்வாளரின் ஆள்) கோளாறைச் சரிசெய்து காப்பாற்றுவார். பிறகு அவர் தம்முடைய அலுப்பான வினாத்தாளை நிரப்ப உதவி கேட்டபோது, நன்றி உணர்ந்தவர்கள் மற்றவர்களைவிட அதிக நேரம் உழைத்தார்கள். இது எதிர்பார்த்ததே. அடுத்த கட்டத்தில் உதவி கேட்டவர் முன்பின் தெரியாத ஒருவர். அவருக்கும் அதிகமாகவே உதவினார்கள். நன்றி பக்கவாட்டில் நகர்கிறது என்பதற்குக் கையில் கிடைக்கும் சான்று இது.

மூன்றாம் கட்டம்தான் நமக்குச் சங்கடம் தருவது. "உனக்கு உதவியவர் அவர்தானே" என்று நன்மை எங்கிருந்து வந்தது என்பதை நினைவூட்டிய பிறகு, தெரியாதவருக்கான கூடுதல் உதவி மறைந்துபோனது. நன்றிக்கு முகவரி எழுதியதும் அது அந்த முகவரிக்கு மட்டும் போகத் தொடங்கிவிட்டது.

ஒரு சோதனைக்கூட முடிவை வாழ்க்கை முழுவதற்கும் நீட்டக்கூடாது. ஆனாலும் அது ஒரு முரணைத் தெளிவாகக் காட்டுகிறது. தந்த மனிதரைப் பெயர்சொல்லி நினைத்தால் நன்றி கடனாகச் சுருங்கலாம். கடவுளை மட்டும் நினைத்தால் நன்றி எல்லோரையும் நோக்கிப் பெருகலாம். கூடவே தந்த மனிதர்கள் மறக்கப்படலாம். 'கடவுள் தந்த வரம்' என்ற தொடரின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

5. நாற்பது மணி நேரம்

ஒன்ராறியோவில் உயர்பள்ளிப் பட்டயம் பெற 40 மணி நேரம் சமூகப் பணி செய்திருக்க வேண்டும். 1999இல் ஒன்பதாம் வகுப்பில் நுழைந்தவர்களிடமிருந்து இது தொடங்கியது. சம்பளம் வாங்கக் கூடாது. வீட்டில் வழக்கமாகச் செய்யும் வேலையைக் காட்டக் கூடாது. யூனியன்வில் வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகள் இந்த மணிகளைக் கோயில் அன்னதான வரிசையிலும், சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளிலும், நூலகத்திலும் சேர்க்கிறார்கள். படிவத்தைப் பார்த்திருப்பீர்கள்: திகதி, செய்த பணி, மணிக்கணக்கு, மேற்பார்வையாளர் கையொப்பம். பாயசம் பரிமாறிய கையோடு படிவத்தை நீட்டும் பிள்ளையையும், கையெழுத்துப் போடப் பேனா தேடும் கோயில் மாமாவையும் நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

இது பகிர்தலைப் பழக்குகிறதா, அல்லது அதன் உயிரை எடுத்துவிடுகிறதா? 2003இல் ஒன்ராறியோவில் பதின்மூன்றாம் ஆண்டு நீக்கப்பட்டதால் இரண்டு வகுப்புகள் ஒரே சமயத்தில் பள்ளியை முடித்தன. ஒரு வகுப்புக்கு 40 மணி நேரக் கட்டாயம் இருந்தது, மற்றதற்கு இல்லை. ஆய்வாளர்களுக்குத் தானாக அமைந்த இந்த வாய்ப்பைப் பயன்படுத்தி ஏல்சா ஹெண்டர்சன், ஸ்டீவன் பிரவுன் முதலியோர் இரு தரப்பையும் ஒப்பிட்டார்கள். 2007இல் வெளியான அவர்களுடைய முடிவு: பிற்காலப் பொதுவாழ்வு ஈடுபாட்டில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கட்டாயம் பெரிதாகக் கெடுக்கவுமில்லை, பெரிதாக வளர்க்கவுமில்லை.

பெற்றோர் இதைக் கேட்டு ஏமாற்றமடைய வேண்டியதில்லை. படிவம் மணிகளை எண்ணுகிறது, திறமையை எண்ணுவதில்லை. மிருதங்கம் தெரிந்த பிள்ளை கதிரை அடுக்கினாலும் மணி நேரம் மணி நேரம்தான். சேக்கிழாரின் குயவரைக் கதிரை அடுக்க விட்டால் பெரியபுராணத்தில் அவருக்குக் கதையே இருந்திருக்காது. நாற்பது மணி நேரத்தையும் 'கடவுள் தந்த வரத்தைப் பகிர்வது' என்ற பேச்சையும் ஒன்றாக்குவதை நிறுத்தினால் இரண்டுக்கும் நல்லது. குடிமைப் பயிற்சி குடிமைப் பயிற்சியாக இருக்கட்டும்.

6. அரங்கேற்றம்: யாருக்கு நன்றி?

யூனியன்வில் உயர்பள்ளிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. நடனம், நாடகம், இசை, ஓவியம் ஆகியவற்றுக்குத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் கலைப் பிரிவு அங்கே இயங்குகிறது. அந்தப் பள்ளியோடு ஒட்டியே 1985இல் திறந்த மார்க்கம் தியேட்டர் இருக்கிறது. 500க்கு மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அந்த அரங்கில் தமிழ்ப் பிள்ளைகளின் பரதநாட்டிய அரங்கேற்றங்கள் பல நடந்திருக்கின்றன. ஒரு சுவரின் இரு பக்கமும் 'வரம்' என்ற சொல் அன்றாடம் புழங்கும் இடம் இது.

அரங்கேற்ற மாலையில் கையில் தரப்படும் மலரைப் பிரித்துப் பாருங்கள். முதற்பக்கத்தில் நடராஜர். பிறகு குருவின் ஆசியுரை, பிரமுகர்களின் வாழ்த்துகள், நடுவில் புஷ்பாஞ்சலி முதல் தில்லானா, மங்களம் வரை நிகழ்ச்சி நிரல், பக்கவாத்தியக்காரரின் படங்கள். கடைசிப் பக்கத்தில் பெற்றோரின் நன்றியுரை. அதில் இறைவன் முதலில் வருவார், குரு அடுத்து, பிறகு ஒப்பனை, ஒளிப்படம், உணவு, மண்டப அலங்காரம் என்று பட்டியல் நீளும். வாராவாரம் நெடுஞ்சாலை 7இல் பனியில் கார் ஓட்டி, வகுப்புக்கு வெளியே வாகனத்துக்குள் காத்திருந்த அம்மா தன் பெயரைத் தானே எழுத முடியாது என்பதால் பெரும்பாலும் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார். ஊரிலிருந்து போரால் பெயர்ந்து வந்து, வேறு வேலை பார்த்துக்கொண்டே வீட்டு நிலவறையில் வகுப்புத் தொடங்கிய ஆசிரியரின் முப்பது ஆண்டு உழைப்பு 'குருவருள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப்போகிறது. இன்னும் பின்னே போனால், இந்தக் கலையைத் தலைமுறைகளாகக் காத்த தேவதாசிக் குடும்பங்களும் நட்டுவனார் குடும்பங்களும் இருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டில் கலை மேட்டிமை பெற்றது. அதைக் காத்தவர்கள் ஒதுக்கப்பட்டார்கள். மலரின் நன்றிப் பட்டியல் அவ்வளவு தூரம் போவதில்லை.

மோட் வார்லிக்கு நேர்ந்தது இங்கேயும் நேர்கிறது. கடவுளுக்கும் கலைஞருக்கும் நடுவிலிருந்த மனிதர்கள் மங்கிப்போகிறார்கள்.

பகிர்வு எங்கே? சில அழைப்பிதழ்களில், அன்பளிப்புக்குப் பதிலாக ஊரிலுள்ள சிறுவர் இல்லத்துக்கோ இங்குள்ள மருத்துவமனைக்கோ உதவுங்கள் என்று இருக்கும். நல்ல வழக்கம். ஆயினும் அங்கே பகிரப்படுவது விருந்தினரின் பணம். ஆடத் தெரிந்த கால்களின் பகிர்வு அரங்கேற்றத்துக்குப் பிறகே தொடங்க முடியும். பலர் விஷயத்தில் அரங்கேற்றத்தோடு, பல்கலைக்கழகப் படிப்பு வந்ததும், நடனமே நின்றுபோகிறது. முடிவுரைபோல் நடக்கும் அரங்கேற்றத்தில் 'நாலு பேருக்குப் பயன்பட வேணும்' என்று வாழ்த்துவதன் சோகத்தை மேடையில் யாரும் சொல்வதில்லை. குறைகூறவும் மனம் வருவதில்லை, அன்று பிள்ளை அவ்வளவு அழகாக ஆடியிருக்கும்.

7. பெருஞ்சித்திரனாரின் கணக்கு

முரண் இதுவென்றால் அதைத் தாண்டிய முன்மாதிரி தமிழில் உண்டா? உண்டு, அதுவும் மிகப் பழையது. புறநானூற்றின் 163ஆம் பாடல். முதிர மலைத் தலைவன் குமணனிடம் பரிசில் பெற்று வீடு திரும்பிய பெருஞ்சித்திரனார் தம் மனைவியிடம் பேசுகிறார். அவருடைய வறுமை எத்தகையது என்பதை 160ஆம் பாடல் காட்டிவிடுகிறது: பசித்து அழும் மகனைத் தாய் புலி வருகிறது என்று பயமுறுத்தியும் நிலாவைக் காட்டியும் ஆற்றப் பார்க்கிறாள். அப்படிப்பட்ட வீட்டுக்கு வந்து சேர்ந்த செல்வம் இது. அதைச் சேர்த்து வைத்து நன்றாக வாழ்வோம் என்று எண்ணாதே, என்னையும் கேட்காதே, எல்லோருக்கும் கொடு என்கிறார் புலவர்.

யார் யாருக்கு என்ற பட்டியலைக் கவனிக்க வேண்டும். மனைவியை விரும்பி வாழ்பவர்கள், அவள் விரும்புபவர்கள், சுற்றத்துப் பெண்கள். இவர்களோடு, பசித்த நாளில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று கடனாகத் தந்தவர்களும் வருகிறார்கள். பின்னரே இன்னார் இனியார் என்று பாராமல் எல்லோருக்கும் என்று கை விரிகிறது. பசிக்காலத்தில் அளந்து கொடுத்த அக்கம்பக்கத்தார் புலவரின் கணக்கில் விடுபடவில்லை. குமணனின் பெயரும் விடுபடவில்லை. இது அவன் தந்தது என்று பாடல் அவனிடமே போய் முடிகிறது. பெயரைச் சொல்லியும் நன்றி சுருங்கவில்லை. கொடுக்கும் அதிகாரம் மனைவியின் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கையில், வன்கூவரிலும் ரொறன்ரோவிலும் மோட் வார்லிக்குக் கிடைக்காத இடம் இந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு இருக்கிறது.

இந்த மனநிலை ஒரு பாடலோடு நிற்காமல் ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்தது. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிரே வரும் ஏழைக் கலைஞனை மறித்து, நான் இன்னாரிடம் பெற்றேன், நீயும் போ என்று வழி சொல்வது அதன் அமைப்பு. போட்டியாளனுக்கு வாசலைக் காட்டிக் கொடுப்பது எவ்வளவு பெரிய பகிர்வு என்பதை வேலை தேடி அலைந்த புலம்பெயர்ந்தோருக்கு விளக்க வேண்டாம். அந்த ஐந்தில் ஒன்றான திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் வள்ளலின் இடத்தில் முருகனை வைத்தார். அருள் பெற்றவன் மற்றவனை அருளிடம் ஆற்றுப்படுத்துகிறான். 'கடவுள் தந்தது, ஆகவே பகிர்' என்ற எண்ணத்துக்குத் தமிழில் கிடைக்கும் மிகத் துல்லியமான வடிவம் இதுவே என்பது என் வாசிப்பு. சோதனைக்கூடத்தில் முகவரி எழுதியதும் நின்றுபோன நன்றி, ஆற்றுப்படையில் முகவரியையே அடுத்தவரிடம் கொடுத்துவிடுகிறது.

இதன் நிகழ்கால நிழலை ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்துத் தமிழ் இருக்கைக்காக 30 இலட்சம் டொலர் திரட்டிய முயற்சியில் காணலாம். பெருந்தொகை தந்தவர்களோடு சிறுதொகை தந்தவர்களும் பெருந்திரளாகச் சேர்ந்து 2021இல் இலக்கை எட்டினார்கள். தந்தவர்களில் பலர் அந்த வகுப்பறையில் ஒருநாளும் அமரப்போவதில்லை. தமக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கிடைத்ததை முன்பின் தெரியாத மாணவருக்கு ஆற்றுப்படுத்தியிருக்கிறார்கள். என்றாலும் அங்கே போனது பணம். தொழிலையே கொடுக்கும் நேசரின் வழி அதைவிடக் கடினமானது, அரிதானது.

8. சொல்லும் உரிமை

ஒரு சிக்கலைச் சொல்லாமல் விட முடியாது. 'கடவுள் தந்த கலை' என்ற தொடர் மார்க்கத்திலும் ஸ்காபரோவிலும் கலைஞர்களுக்கு எதிராகவும் பயன்படுகிறது. மண்டப வாடகை, ஒலி அமைப்பு, இரவு உணவு எல்லாவற்றுக்கும் உரிய விலையைக் கொடுக்கும் விழாக் குழுவினர், மிருதங்கக்காரரிடமும் பாடகரிடமும் வந்ததும் "சேவையாகச் செய்யுங்கோ, இது தெய்வீகக் கலை அல்லவா" என்பார்கள். கவிஞரிடமும் தமிழாசிரியரிடமும் இதே பேச்சுத்தான். சமையல் ஒப்பந்தக்காரரிடம் அன்னம் பரப்பிரம்மம் என்று சொல்லி விலை குறைக்க யாரும் முயல்வதில்லை.

நான் பார்த்த மூல நூல்கள் எதுவும் இதற்கு இடம் தரவில்லை. திருநீலகண்டரை ஓடு கொடு என்று ஊர்க் கூட்டம் தீர்மானம் போட்டுக் கேட்கவில்லை. பெருஞ்சித்திரனார் கொடு என்று சொன்னது தம் வீட்டுக்குள், தாம் பெற்றதைப் பற்றி. தாலந்து உவமையிலும் கணக்குக் கேட்பவன் எஜமானன்; சக வேலைக்காரர் எவரும் மற்றவரின் தாலந்துக்குக் கணக்குக் கேட்பதில்லை. வரம் என்ற சொல்லைப் பெற்றவர் தன்னைப் பற்றிச் சொல்லும்போது அது நன்றியாகிறது. பயன்பெற வந்தவர் அதையே எதிரில் இருப்பவரிடம் சொல்லும்போது அது கூலியைக் குறைக்கும் பேரம்.

யூனியன்வில் பக்கத்தில் வகுப்பு நடத்தும் சில ஆசிரியர்கள் இதற்கு ஒரு நடைமுறை வைத்திருக்கிறார்கள். வசதியுள்ளவரிடம் முழுக் கட்டணம் வாங்குகிறார்கள். புதிதாகக் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை வந்தால் கட்டணம் கேட்பதில்லை, கேட்கவில்லை என்பதை வகுப்பில் வெளியே சொல்வதுமில்லை. அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்பதை ஆசிரியரே தீர்மானிக்கிறார். விழாக் குழுக்கள் செய்யக்கூடியது இதைவிட எளிது: அடுத்த விழாவின் வரவுசெலவுத் திட்டத்தில் பக்கவாத்தியத்துக்கு ஒரு வரி ஒதுக்கி, அதை மண்டப வாடகைக்கு மேலே எழுதுவது.